விரலுக்கு எழுதியது

பிரான்சின் நாந்த் நகரத்துத் தெரு ஓவியர் ஒருவர், 'தி பிளைண்ட்' என்ற புனைபெயரில், அரை உருண்டைகளாக வார்த்த பிளாஸ்டர் குமிழ்களைச் சுவரில் ஒட்டிப் பிரெயிலில் எழுதுகிறார். பிரெயிலில் புள்ளிக்குப் புள்ளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி. புடைப்பு அரை மில்லிமீட்டர். ஓர் எழுத்து விரல்நுனிக்குள் அடங்கிவிடும். சுவரில் அது உள்ளங்கையையும் மீறி நிற்கிறது. இதை ஓவியரின் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. விரலுக்குரிய எழுத்தைக் கண் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வழக்கம் பிரெயிலுக்கும் மூத்தது.

1785-இல் பாரிசில் பார்வையற்ற சிறாருக்குப் பள்ளி தொடங்கிய வாலன்டின் ஹாவுயி, ரோமன் எழுத்துகளையே தாளில் புடைக்கவைத்து நூல்கள் அச்சிட்டார். ஆசிரியரின் கண்ணுக்கு அவை உடனே புரிந்தன. மாணவனின் விரலோ ஒவ்வொரு வளைவாகத் தடவி ஊர்ந்தது. கையால் எழுதிப் பார்க்கவும் வசதியில்லை. 1821-இல் சார்ல் பார்பியே என்பவர், புடைத்த புள்ளிகளால் எழுதும் தன் பன்னிரண்டு புள்ளி முறையை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். அங்கே மாணவரான லூயி பிரெயில், 1824-இல் பதினைந்து வயதில், அதை ஆறு புள்ளிகளாகக் குறுக்கினார். 1840-களில் பள்ளி நிர்வாகமே அதைத் தடுத்தது. அதிகாரபூர்வ ஏற்பு வந்தது 1854-இல், அவர் இறந்து இரண்டாண்டு கழித்து.

தடுத்தவர்களின் வாதம் அற்பமானதன்று: தனி எழுத்து பார்வையற்றோரை ஊரிலிருந்து பிரித்துவிடாதா? ஆனால் எழுத்தின் வடிவம் கண்ணுக்கான ஏற்பாடு, மொழி அதனுள் அடைபட்டதல்ல. தமிழையே பாருங்கள். அச்சில் 'கொ' என்றால் ககரத்துக்கு முன்னும் பின்னும் குறிகள். 1951-இல் இந்திய மொழிகளுக்கென வகுத்த பாரதி பிரெயிலில் முதலில் 'க', அடுத்து 'ஒ', ஒலிக்கும் வரிசையிலேயே. கண் பழகிய கொம்பும் காலும் அங்கே தேவைப்படவில்லை.

நாந்த் சுவர்களுக்குத் திரும்பினால், கலையைப் படித்தே ஆக வேண்டுமா என்பார்கள். வேண்டாம்தான். பார்வையுள்ளவர் தன் தெருவிலேயே எழுத்தறியாதவராக ஒரு கணம் திகைப்பதும் நல்லதே. ஆனால் அந்தத் திகைப்பு அவருக்கானது; விரலால் படிப்பவருக்கு அதே சொற்களை எட்டும் உயரத்தில், உரிய அளவில் தனியே தர வேண்டும். பிரெயில் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். 1839-இல் அவர் வெளியிட்ட இன்னொரு முறையில், புள்ளிகளைக் குத்திக் குத்தி ரோமன் எழுத்தின் உருவத்தையே வரைய வேண்டும். ஓரெழுத்துக்கே பல புள்ளிகள், மெதுவான வேலை. பாடம் படிக்க அல்ல, பார்வையுள்ள வீட்டாருக்குக் கடிதம் எழுத.