டாரட் பயின்ற சபை

பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகவே பிறந்த டாரட், 1888-இல் லண்டனில் ஸ்தாபிதமான ‘கோல்டன் டான்’ என்னும் ரகஸ்ய சபையில் ஒரு சாஸ்திரமாகவே பயிலப்பட்டது. அங்கே சேர்ந்தவர்கள், படிப்படியாகப் பரீட்சைகளில் தேறி உள்வட்டத்தை அடைந்த பிறகு, 78 சீட்டுகளின் தாத்பரியத்தை விளக்கும் பிரதியைத் தம் கையாலேயே பெயர்த்தெழுதி, சீட்டுக்கட்டையும் தாமே வரைந்து வர்ணம் தீட்டிக்கொண்டார்கள். எழுதிய கைக்கே பாடம் வசப்படும் என்பதால், இந்த நியமத்தின்பால் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

1900-இல் தலைவர் மாத்தர்ஸுடன் லண்டன் அங்கத்தினர் பிணங்கிப் பிரிந்தபின், பரீட்சைகள் தளர்ந்துவிட்டன என்று சபையைச் சேர்ந்த ஆனி ஹார்னிமன் முறையிட, நடிகை ஃபுளோரன்ஸ் ஃபார் சபைக்குள் அமைத்திருந்த தனிக்குழு பெரும் விவாதத்துக்கு இலக்காக, இவ்வாறு குழுக்குழுவாய்ப் பிரிந்தால் சபையின் ஐக்கியமே அழிந்துபோகும் என்று சபை அங்கத்தினரான கவி யேட்ஸ் 1901-இல் ஒரு சிறு பிரசுரமே அச்சிட்டு வழங்கினார். நியாயம் அவர் பக்கமே இருந்தது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்தக் குழுக்கள் குறித்துச் சபையில் நடந்த வாக்கெடுப்பில் தோற்றவரும் அவரே.

சபை சிதறிற்று. அதன் அங்கத்தினரான வெயிட்டும், சித்திரக்காரி பமேலா கோல்மன் ஸ்மித்தும் 1909-இல் வெளியிட்ட சீட்டுக்கட்டே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஃபுளோரன்ஸ் ஃபாரோ 1912-இல் இலங்கை சென்று, பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்தில் நிறுவிய பெண்கள் கல்லூரியில் பணிபுரிந்து, 1917-இல் கொழும்பில் காலமானார்.