ஓய்வுநேரக்காரர்கள் கட்டிய தமிழ் இணையம்

இணையத்தளம் வடிவமைப்பவரின் அன்றாட வாழ்க்கையிலும் பொழுதுபோக்கிலும் வரலாறு எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மன்னர்களின் பட்டாபிஷேகத்தைப் பற்றி எழுதுகிறோம். சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளித்தவர்களைப் பற்றியும் எழுதுகிறோம். நள்ளிரவில் கணினியின் முன் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி எழுத யாரும் முன்வருவதில்லை. ஆனால், தமிழ் இணையத்தின் முதற் பதினைந்து ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் அலுவலகம் முடிந்து வீடு திரும்பியவர்களின் பொழுதுபோக்கின் வரலாறாகவே இருக்கிறது. அரசுகளும் பெருநிறுவனங்களும் பின்னரே வந்தன.

வலையின் பிறப்பிலேயே இந்த விளையாட்டுக் குணம் இருந்தது. சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ 1989 மார்ச்சில் தமது திட்டத்தை முன்வைத்தார். 1991 இல் அது வெளியுலகுக்குத் திறக்கப்பட்டது. 1993 ஏப்ரல் 30 ஆம் திகதி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று சேர்ன் அறிவித்தது. இதற்கிடையில், 1992 இல், வலையில் ஏறிய ஆரம்பகாலப் புகைப்படங்களில் ஒன்று அணுத்துகள் பற்றியதன்று. ஆய்வுகூட ஊழியர்கள் கேலிக்காக நடத்திவந்த ஒரு பெண்கள் பாட்டுக்குழுவின் படம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்களோ, கீழே சென்று ஏமாந்து திரும்பாமலிருப்பதற்காகத் தமது கோப்பிப் பாத்திரத்தின் முன் ஒரு கமராவைப் பொருத்தினார்கள். 1993 இல் அது வலையில் ஏறி, 2001 ஓகஸ்டில் நிறுத்தப்படும் வரை உலகமே அந்தப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தது. அந்த விளையாட்டிலிருந்துதான் வலைக் கமரா என்ற ஒன்று உலகுக்குக் கிடைத்தது.

தமிழர்களின் விளையாட்டு வேறுவகையானது. நம்மவர்களுக்குப் பாத்திரத்தைக் காட்டுவதற்கு முன், தமிழைக் காட்ட வேண்டியிருந்தது. கனடாவில் கு. ஸ்ரீனிவாசன் 1984 இல் ‘ஆதமி’ என்ற தமிழ் எழுதியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இல் ‘முரசு’வைத் தொடங்கினார். லோசான் நகரில் இரசாயனவியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார். 1998 தைப்பொங்கலன்று தொண்டர்களைக் கூட்டி மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். சங்க இலக்கியத்தைத் தட்டெழுதியவர்களில் பலர் தமிழாசிரியர்கள் அல்லர். பகலில் பொறியியலும் கணக்கியலும் பார்த்துவிட்டு, இரவில் பதிகம் தட்டெழுதியவர்கள்.

சிங்கப்பூரில் ஆசிரியரும் சிறுகதையாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீயுடன் இணைந்து உழைத்தார். அதன் பயனாக, 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளும் ஒரே தளத்தில் ஏறின. தமிழ் எழுத்து வலைக்கு வந்த முதற் சந்தர்ப்பமாக அதையே குறிப்பிடுகிறார்கள். 1997 மேயில் முதலாவது தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டியவரும் அவரே. இரண்டு ஆண்டுகளில், 1999 மே மாதத்தில், அவர் மறைந்துவிட்டார்.

இந்த ஆர்வத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொருவரும் தத்தமக்குப் பிடித்தபடி எழுத்துக்களை அடுக்கினார்கள். யூனிகோட்டில் 1991 ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்றாலும், விண்டோஸ் 2000 வரும் வரை சாதாரணப் பயனாளருக்கு அதனால் பயனில்லை. இடைக்காலத்தில் மின்னஞ்சல் குழுக்களில் இரவிரவாக விவாதித்துத் தொண்டர்கள் ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை வகுத்தார்கள். தமிழ்நாட்டு அரசு 1999 இல் ‘டாம்’, ‘டாப்’ என்ற வேறிரண்டை அறிவித்தது. இலங்கையில் நாங்கள் இவை எதையும் பொருட்படுத்தவில்லை. எங்களுக்குப் பாமினி இருந்தது.

பத்திரிகைக் காரியாலயங்களில் பணியாற்றிய என் தலைமுறையினருக்குப் பாமினி வெறும் எழுத்துரு அன்று, கைப்பழக்கம். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கு அது இலகுவாகப் படிந்தது. ஆனால், அதன் இயல்பு என்ன? ஆங்கில எழுத்துக்களின் முகத்தில் தமிழ் எழுத்துக்களை ஒட்டிவைத்த முகமூடி அது. முகமூடியைக் கழற்றினால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அச்சில் இதனால் எந்த நட்டமும் இல்லை. தாளில் மை படிந்துவிட்டால் தமிழ் தமிழேதான். வலையிலோ, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் செய்தி முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழென்றே தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களும் ஓய்வுநேரக்காரர்களே. தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி துபாயில் பணியாற்றியவர். ‘தேனீ’ என்ற யூனிகோட் எழுத்துருவை உருவாக்கி, வாசகர் எதையும் நிறுவாமலே பக்கத்துடன் எழுத்துருவும் இறங்கிவரும் முறையைத் தமிழ்த் தளங்களுக்கு வழங்கினார். காசு கேட்கவில்லை. 2006 ஜூலை 12 ஆம் திகதி, ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே, அவரும் மறைந்தார். புலம்பெயர்ந்து வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ‘பொங்குதமிழ்’ என்ற எழுத்துரு மாற்றியை வலையில் வைத்தார். பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னால் தட்டப்படும். யூனிகோட்டில் அது பின்னால் வரும். ஆகவே எழுத்தை எழுத்தாக மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். வெளியில் இருப்பவருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வேலைக்கு எத்தனை இரவுகள் சென்றிருக்கும் என்பதைச் செய்தவர்களே அறிவர். கட்டடக் கலைஞரான இ. மயூரநாதன் அமீரகத்திலிருந்து 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவை வளர்த்ததும், 2005 இல் நூலகம் திட்டம் தொடங்கியதும் இதே வகையைச் சேர்ந்தவை. 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை மறக்காத ஒரு சமூகம், மறுபடி எரிக்க முடியாத இடத்தில் நூல்களை அடுக்கத் தொடங்கியது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் வண்ணாத்திவில்லு.

புத்தளத்துக்கு வடக்கே, எழுவன்குளம் செல்லும் வீதியில் இருக்கும் ஊர் அது. தென்னையும் மரமுந்திரிகையும் நிறைந்த வறண்ட நிலம். அதற்கப்பால் வில்பத்துக் காடு. காட்டைக் கடந்தால் மன்னாரின் முசலிப் பிரதேசம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். கற்பிட்டியையும் முந்தலையும் போல வண்ணாத்திவில்லும் அவர்களுக்கு இடம் கொடுத்தது. அவர்களிற் பலர் உறுதிகளையும் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு, உடுத்த உடையோடு வந்தவர்கள்.

அங்கே அண்மையில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம் என்றார். தாயார் முசலியிலிருந்து வந்தவர். இவர் பிறந்தது இங்கேதான். வீட்டின் முன்னறையில் இருந்தபடி வெளிநாட்டுக் கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கிறார். மின்சாரம் தடைப்பட்டால் கைத்தொலைபேசி இணைப்பில் வேலையை முடிக்கிறார். அஸர் தொழுகைக்குப் பின் கரப்பந்தாட்டம். இரவில், கூலியில்லாத இன்னொரு வேலை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பாமினிப் பக்கங்களைத் தேடியெடுத்து யூனிகோட்டுக்கு மாற்றி வைக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

“உம்மாட ஊர்ப் பேரப் போட்டுத் தேடினா ஒண்டும் வருதில்ல சேர். பேப்பர்ல வந்த விஷயம் நெட்டுல இரிக்கி. ஆனா பூச்சி பூச்சியாத்தான் தெரியுது. அதான் ஒரு பொழுதுபோக்குக்கு மாத்திப் பாக்குறன்.”

அவர் பொழுதுபோக்கு என்று சொன்னது, ஒரு பத்திரிகையாளனான எனக்கு அப்படிக் கேட்கவில்லை. இடம்பெயர்ந்த ஒரு கிராமத்தைப் பற்றித் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வெளிவந்த ஒரு சிறு செய்தி, அங்கே எத்தனை குடும்பங்கள் வாழ்ந்தன, பள்ளிவாசல் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு சான்று. அது எரிந்து போகவில்லை, யாரும் தடைசெய்யவில்லை. இருந்தும் எவருக்கும் அகப்படாமல் கிடக்கிறது. அகப்படாத சான்றும் இல்லாத சான்றும் காணிக் கச்சேரியில் ஒன்றுதான்.

ஓய்வுநேரத்தில் எழுந்தவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. காவலாளி இல்லை. செய்தவர் மறைந்தாலோ, பிள்ளைகுட்டிகளோடு நேரமில்லாமற் போனாலோ, தளமும் மறைந்துவிடும். 2009 ஒக்டோபரில் யாஹூ நிறுவனம் ஜியோசிற்றீஸை மூடியபோது, இலவச இடத்தில் ஆசையோடு கட்டப்பட்ட எத்தனையோ வீடுகள் ஒரே நாளில் இடிந்தன. தனி மனிதரின் ஆர்வம் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். தலைமுறைகளுக்குக் காத்துவைப்பது நிறுவனங்களின் கடமை.

தமிழ்ப் பத்திரிகை நிறுவனங்களின் களஞ்சியங்களில் பாமினிக் கோப்புகள் இன்னும் வன்தட்டுகளிலும் இறுவட்டுகளிலும் கிடக்கின்றன. இறுவட்டு நிரந்தரமானதன்று. மாற்றும் கருவிகளை யாரோ எப்போதோ இலவசமாகச் செய்து கொடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழக நூலகங்களும் நூலக நிறுவனம் போன்றவையும் இருக்கின்றன. எஞ்சியிருப்பது, ‘எடுத்துக் கொடுங்கள்’ என்று முகாமையாளர் ஒருவர் இடவேண்டிய ஒரு கையொப்பம் மட்டுமே. அதுவரை, வண்ணாத்திவில்லில் ஒரு முன்னறையில் இரவு பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரியும்.