ஒரு சாய்கோடும் நாலு பக்கப் பெயர்களும்

சாச்சா தந்த சீடியில இருந்தது ஒரே ஒரு ஃபைல்தான். 2005ஆம் ஆண்டு, கல்முனையில ஒரு கொமியூனிகேஷன் கடையில இருந்து அவர் டைப் பண்ணினது. முந்தின வருசம் டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்து அள்ளிக்கொண்டு போன எங்கட பகுதி ஆட்களின் பெயர்கள், தகப்பன் பெயர், வீடு இருந்த இடம். நாலு பக்கம். அந்த நாளில் எனக்கு ஒரு வயசும் ஆகல்ல. இலங்கையில ஆகக் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். ஆனா பெரியநீலாவணையில எந்த வளவில யார் இருந்தாங்க என்று கேட்டா, கையில இருக்கிறது இப்படியான நாலு பக்கங்கள்தான்.

இறுதி வருட ஆய்வுக்காக அந்த ஃபைலைத் திறந்தேன். திறந்துச்சு. பெயர் ஒண்டுமில்ல. பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்.

நான் கலைப்பீடம், பாடம் வரலாறு. கொம்பியூட்டர் என்றா எனக்கு ஆவணம் டைப் பண்ணுற ஒரு பெட்டி, அவ்வளவுதான். இந்த ஃபைலை வாசிக்க எடுத்த ரெண்டு கிழமைக்குள்ள நான் படிச்ச வரலாறு வேற மாதிரியானது. அதைத்தான் இங்க எழுதுறன்.

ஆங்கிலமா நடிச்ச தமிழ்

சாச்சா பாவிச்சது பாமினி எழுத்துரு. இலங்கையில தொண்ணூறுகளிலயும் அதற்குப் பிறகும் கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், பாடசாலை மலர், கவிதைத் தொகுப்பு என்று எல்லாத்திலயும் அதுதான். பாமினி செய்த வேலை லேசானது. கணினியைப் பொறுத்தவரை நீங்க ஆங்கிலத்தில்தான் டைப் பண்ணுறீங்க. ‘எம்’ என்ற எழுத்துக்குரிய படத்தை எடுத்துட்டு, அந்த இடத்தில ‘அ’ படத்தை வெச்சிருக்கும். ‘அம்மா’ என்று எழுதினா, உள்ள சேமிக்கப்படுறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கிற கணினியில அது அம்மா. எழுத்துரு இல்லாத கணினியில அது வெறும் குப்பை.

இதுக்கு மாற்றாத்தான் யுனிகோட் வந்தது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில ‘அ’வுக்கு உலகத்தில வேற எந்த எழுத்துக்கும் இல்லாத ஒரு எண். ஆனா தரம் ஒண்டை எழுதி வெச்சா மட்டும் போதாது, இயங்குதளம் அதைப் புரிஞ்சு காட்ட வேணும். விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் மைக்ரோசொஃப்ட் கணினிகளில ‘லதா’ என்ற எழுத்துருவோட யுனிகோட் தமிழ் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில ஆளுக்கொரு குறியீடு. வெளிநாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில பேசிப் பேசி உருவாக்கின டிஸ்கி ஒரு பக்கம். 1999 பெப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டிலிருந்து வந்த டாம், டாப் இன்னொரு பக்கம். எங்கட ஊர்க் கடைகளில பாமினி.

2005இல் சாச்சா இருந்த கடையில விண்டோஸ் 98 ஓடியது. யுனிகோட் பிறந்து 14 வருசம், ஆனா அந்த மேசைக்கு அது வந்து சேரல்ல. அவரில பிழை இல்ல.

பூச்சியும் மருந்தும்

மாற்றித் தாறதுக்கு இணையத்தில ஏற்கனவே கருவிகள் இருக்கு. ஆனா என்னட்ட இருந்த ஃபைலில பெயர், தகப்பன் பெயர், இடம் என்று பிரிச்சு எடுக்க வேண்டியிருந்தது. அதனால கணினி படிக்கிற ஒரு நண்பனைப் பிடிச்சன். அவன் ஜாவாஸ்கிரிப்டில ஒரு பக்கம் எழுதித் தந்தான். பாமினியை ஒரு பெட்டியில ஒட்டினா, மற்றப் பெட்டியில யுனிகோட் வரும்.

வந்துச்சு. ‘அம்மா’ என்றது ‘அம்மஷா’ என்று வந்துச்சு. ‘பாத்திமா’, ‘பஷாத்திமஷா’ ஆனா. ‘காதர்’, ‘கஷாதர்’ ஆனார். நாலு பக்கமும் அப்படித்தான். செத்தவங்கட பெயரை வெச்சு யாரோ பகிடி பண்ணுற மாதிரி இருந்தது. நண்பன் முகம் சுருங்கிப்போய், “மச்சான், டிபக் பண்ணினா சரி” என்றான்.

டிபக். பூச்சி எடுக்கிறது. தமிழில வழுநீக்கம் என்கிறாங்க. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லுற வழக்கம் கணினிக்கு முந்தினது. தோமஸ் எடிசன் 1878லேயே கடிதத்தில அப்படி எழுதியிருக்கிறார். 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினிக்குள்ள நிஜமாகவே ஒரு அந்துப்பூச்சி அகப்பட்டது. அதைப் பதிவேட்டில ஒட்டி, உண்மையான பூச்சி பிடிபட்ட முதல் சந்தர்ப்பம் என்று எழுதி வெச்சாங்க. அந்தக் குழுவில இருந்த கிரேஸ் ஹொப்பர் இந்தக் கதையைப் பிறகு போன இடமெல்லாம் சொன்னார்.

பூச்சி இருந்தா மருந்து வேணும்தானே. அமெரிக்காவின் எம்ஐடியில டிஎக்ஸ்-0 கணினிக்கு எழுதின வழுநீக்கிக்கு ‘ஃபிளிட்’ என்று பெயர் வெச்சாங்க. அது கடையில வித்த ஒரு பூச்சிமருந்தின் பெயர். 1961இல் பிடிபி-1 கணினிக்கு வந்ததுக்கு ‘டிடிடி’. இந்தப் பெயர் எங்கட பெரியாக்களுக்கு நல்லாத் தெரியும். 1946இல் இலங்கை முழுக்க மலேரியாவுக்கு எதிரா வீடு வீடா அடிச்ச மருந்து அதுதான். 1963இல் நாட்டில 17 மலேரியா நோயாளிகள்தான் இருந்தாங்க. மருந்து நிறுத்தினதும் நோய் திரும்ப வந்தது வேற கதை. பூச்சி அப்படித்தான், ஒருமுறை அடிச்சதோட முடியாது.

நிறுத்திப் பார்க்கிற கலை

வழுநீக்கி என்ன செய்யும்? நண்பன் விளங்கப்படுத்தினது எனக்குப் புரியல்ல, மருதமுனைத் தறிதான் புரிய வெச்சது. நெசவு ஓடிக்கொண்டிருக்கும்போது துணியில ஒரு கோடு பிசகினா, நெய்றவர் காலை எடுத்து தறியை நிப்பாட்டுவார். மறுகா ஒவ்வொரு இழையாப் பார்ப்பார், எங்க அறுந்திருக்கு என்று. ஓடுற தறியில அதைக் காண ஏலாது. வழுநீக்கியும் அதேதான். ஓடுற நிரலை நீங்க சொல்ற வரியில நிப்பாட்டும். அந்த நொடியில உள்ள என்னென்ன மதிப்பு இருக்கு என்று காட்டும். பிறகு ஒரு வரி, ஒரு வரியாக முன்னுக்கு நகர விடும்.

ஆனா இங்க ஒரு சிக்கல். ஒரு நிரலை இன்னொரு நிரல் நிப்பாட்ட வேணும் என்றா, அதுக்கு அனுமதி குடுக்கிறது இயங்குதளம். ஒவ்வொரு இயங்குதளமும் அந்தக் கதவை ஒவ்வொரு இடத்தில வெச்சிருக்கு. ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1986இல் எழுதின ஜிடிபி, யுனிக்ஸ் வழியில வந்தது. லினக்ஸில அதுக்குச் சொந்த வீடு மாதிரி. விண்டோஸில மைக்ரோசொஃப்டுக்குத் தனி வழி, தனிக் கருவி. எந்த வரி எந்த இயந்திரக் கட்டளையானது என்று குறிச்சு வைக்கிற ஃபைலே அங்க வேற வடிவம். அதனால ஜிடிபி அங்க விருந்தாளிதான், எல்லா அறைக்குள்ளயும் போக ஏலாது. அப்பிள் கணினியில ஜிடிபியை ஓட்ட, நீங்களே ஒரு சான்றிதழ் உண்டாக்கி அதுக்குக் கையொப்பம் போட வேணும். அப்பிள் தன்னுடைய எக்ஸ்கோட் 5இல், 2013இல், ஜிடிபியைக் கைவிட்டு எல்எல்டிபிக்கு முழுசா மாறிட்டுது.

தமிழுக்கு இதில இன்னொரு சோதனை. ஒரு கணினியில வழுநீக்கி ‘அ’ என்று காட்டும். குறியீடு சரியா அமைக்காத இன்னொரு கணினியில அதே ‘அ’வை 340, 256, 205 என்று மூணு எண்ணாகக் காட்டும். நோயைக் கண்டுபிடிக்க வந்த வைத்தியருக்கே எங்கட பாஷை தெரியாத நிலை.

இது எங்களுக்கு மட்டும் வந்த தலைவிதி இல்ல. 2018 பெப்ரவரியில ஒரேயொரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐபோன்களைச் சுருட்டிப்போட்டது. அந்த எழுத்து வந்த செய்தியைத் திறந்தா செயலி விழுந்துடும். அதே செய்தி அண்ட்ராய்டில சும்மா திறந்தது. எழுத்து ஒண்டுதான். அதைக் கோர்த்து வரைகிற மென்பொருள்தான் வேற. அப்பிள் அந்த மாதமே ஐஓஎஸ் 11.2.6ஐ வெளியிட்டுச் சரிசெய்தது.

எங்கட பூச்சி

எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். நண்பன் எழுதினது உலாவியில ஓடுற நிரல். 2006இல் ஜோ ஹியூவிட் ஃபயர்பொக்ஸுக்கு ‘ஃபயர்பக்’ என்ற வழுநீக்கியைக் குடுத்த பிறகு, உலாவிக்குள்ளேயே நிரலை நிப்பாட்டிப் பார்க்கிறது சாதாரணமாப் போயிட்டுது. இப்ப எல்லா உலாவியிலயும் அது கூடவே வருது. கீழ இருக்கிறது விண்டோஸா லினக்ஸா என்று அதுக்குப் பெரிய கவலையில்ல. அவன்ட மடிக்கணினி லினக்ஸ், என்னுடையது விண்டோஸ். ரெண்டிலயும் ஒரே வரியில நிப்பாட்டினோம், ரெண்டிலயும் ஒரே பிழை. அப்ப பிழை இயங்குதளத்தில இல்ல, எங்கட நிரலில.

தடயம் தந்தது ஒரு பெயர். மற்றதெல்லாம் சிதைஞ்சு கிடக்க, ‘ஆயிஷா’ மட்டும் கிட்டத்தட்டச் சரியா இருந்தது. ‘ஆயி’, பிறகு ஒரு பின்சாய்கோடு, பிறகு ‘ஷா’. அந்தச் சாய்கோடு அங்க என்னத்துக்கு?

பாமினி விசைப்பலகையில ‘ஷ’ இருக்கிற இடம் பின்சாய்கோடு. ‘ஷா’ எழுத சாய்கோடும் எச்சும் அடிக்க வேணும். நண்பனின் மாற்று அட்டவணையின் முதல் வரியே அதுதான்: சாய்கோடு, எச் வந்தா ‘ஷா’ போடு. ஆனா ஜாவாஸ்கிரிப்டில, சி மொழியிலிருந்து வந்த வழக்கப்படி, பின்சாய்கோடு ஒரு எழுத்து இல்ல. ‘அடுத்து வாறதைக் கவனி’ என்ற சைகை. அடுத்து வந்த எச்சுக்கு விசேட அர்த்தம் ஒண்டும் இல்லாததால, சைகை மறைஞ்சு எச் மட்டும் மிஞ்சியது. வழுநீக்கியில அந்த வரியில நிப்பாட்டி மதிப்பைப் பார்த்தா, நாங்க எழுதின ரெண்டு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில எச் ஒண்டு தனியா நிக்குது. பாமினியில எச் என்றா ‘ா’. ஆக, நாலு பக்கத்திலயும் இருந்த ஒவ்வொரு அரவும் ‘ஷா’ ஆயிட்டுது.

இன்னொரு சாய்கோடு சேர்த்தோம். ‘சாய்கோடு என்றே எடு’ என்று சொல்லுற வழி அது. ஓட்டினோம். பாத்திமா வந்தா. காதர் வந்தார். ஆயிஷா வந்தா. நண்பன் கை தட்டினான். நான் தட்டல்ல, பட்டியலில முதல் பக்கத்திலேயே என்ட உம்மாவின் தங்கச்சி பெயர் இருந்தது.

யோசிச்சுப் பாருங்க. அந்தச் சாய்கோட்டை ஆஸ்கிக் குறியீட்டுக்குள்ள கொண்டு வந்தவர் பொப் பீமர், 1961இல். அதை சைகையாக்கினது சி மொழிக்காரர். அதே இடத்தில ‘ஷ’வை உட்கார வெச்சது எங்கட எழுத்துருக்காரர். ஒவ்வொருவரும் தங்கட தேவைக்குச் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. மூணும் சந்திச்ச இடத்தில ஆயிஷாக்களும் ஷரீஃப்களும் ஷண்முகங்களும் மாட்டிக்கொண்டாங்க. ‘ஷ’, ‘ஹ’, ‘ஜ’ இல்லாம எங்கட ஊரில பாதிப் பெயரை எழுத ஏலாது. பாமினியில அதெல்லாம் அடைப்புக்குறியும் சாய்கோடும் இருக்கிற ஓரத்து விசைகளில. நிரல்களுக்கு ஆகக் கூடுதலா சந்தேகம் வாற எழுத்துகளும் அதுகள்தான்.

கருவிக்குத் தெரியாதது

சரிவந்த பட்டியலை அச்செடுத்து உம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். மூணாம் பக்கத்தில ஒரு பெயரில நிப்பாட்டினா. “அது அவளின்ட பேர் இல்ல, அவளின்ட ராத்தாட பேர். ராத்தா இருக்கா, சவூதியில.” சாச்சாவுக்குப் போன் எடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “ஓம், அவசரத்தில மாத்தி அடிச்சிட்டன்” என்றார். இருபது வருசமா உயிரோட இருக்கிற ஒருவர் அந்தப் பட்டியலில மௌத்தானவர். உண்மையில போனவரின் பெயர் எங்கயும் இல்ல.

எந்த வழுநீக்கியும் எந்த இயங்குதளத்திலயும் அந்தப் பிழையைக் காட்டியிருக்காது. நிரலுக்கு அது சரியான பெயர்தான். ஆனா குறியீட்டுப் பிழை திருந்தாம இருந்திருந்தா, உம்மம்மா அந்த வரிக்கு வந்திருக்கவே மாட்டா. முதல் பிழையைக் கருவி எடுத்துத் தந்ததாலதான் ரெண்டாவதை மனிசர் காண முடிஞ்சது.

இது எங்கட வீட்டுக் கதை மட்டும் இல்ல. கவிஞர் நீலாவணன் பிறந்த ஊர் இது. கிழக்கில தொண்ணூறுகளிலயும் ரெண்டாயிரங்களிலயும் அச்சான எத்தனையோ மலர்கள், பள்ளிவாசல், கோயில் கணக்குகள், சங்க அறிக்கைகள் பாமினியில்தான் டைப் ஆனது. புத்தகம் கையில இருந்தா நூலகத் திட்டம் மாதிரியானவங்க ஸ்கேன் பண்ணி வைக்கலாம். அச்சாகாம சீடியில மட்டும் கிடக்கிறதுக்கு அந்த வழியும் இல்ல. சீடி கீறல் விழும். கடைகள் மூடிட்டுது. டைப் பண்ணினவங்களுக்கு வயசு போகுது.

அதனால உங்கட வீட்டு அலுமாரியில பழைய சீடி, பென் டிரைவ் இருந்தா இந்தக் கிழமையே திறந்து பாருங்க. ஆங்கிலக் குப்பை மாதிரித் தெரிஞ்சா வீசாதீங்க, அது தமிழா இருக்கலாம். மூலத்தை அப்படியே ஒரு பிரதி வெச்சுட்டு, இன்னொரு பிரதியை யுனிகோடுக்கு மாத்துங்க. ‘ஷ’, ‘ஹ’, ‘ஜ’, ‘ஸ’ வாற சொற்களை முதலில பாருங்க. மறுகா அச்செடுத்து, அந்தக் காலத்தில இருந்த ஒருவருக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.

எங்கட பட்டியலில இப்ப ஒரு பெயர் குறைஞ்சு, ஒரு பெயர் கூடியிருக்கு.