ரஜூலாவின் இறுதிப் பயணம்

பழங்கப்பல்களை உடைக்கும் தொழில் நம் நாஞ்சில் கரையில் வேரூன்றவில்லை. காரணம் கடலிலேயே இருக்கிறது. 1983 முதல் கப்பல்கள் உடைபடும் குஜராத்தின் அலாங் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் 10 மீட்டர் வேறுபாடு உண்டு. ஏற்றத்தின்போது கப்பலை விரைந்து செலுத்திக் கரையில் ஏற்றிவிட்டால், நீர் வடிந்ததும் அது தரைமேல் நிற்கும். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டினத்திலும் அவ்வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான்.

ஆயினும், பம்பாயில் உடைபட்ட கப்பலொன்று தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் கதையோடு பிணைந்தது. அதுவே ‘ரஜூலா’.

1926-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட இக்கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியாரால் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று செலுத்தப்பட்டது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணிக்கு அறையேது, கட்டிலேது? பாயை விரித்துத் தகரப்பெட்டியை வைத்த இடமே அவருடைய இடம். நாகர்கோவிலுக்கு இரயில் வந்ததோ 1979-இல்தான். ஆகவே இங்கிருந்து மலாயாவுக்குச் சபுர் புறப்பட்டவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே திருநெல்வேலி சென்று இரயிலேற வேண்டியிருந்தது. கப்பலைக் காணுமுன்பே பாதி களைத்திருப்பார்கள்!

இரண்டாம் உலகப் போரில் ரஜூலா துருப்புகளைச் சுமந்தது. அதன் இணைக்கப்பலான ‘ரோனா’ 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியக் குண்டுக்கு இரையாயிற்று. ரஜூலாவோ பிழைத்து வந்து, மீண்டும் நம்மவரின் பாய்களுக்கு இடம் கொடுத்தது.

உடைப்பவரின் கணக்கு எடைக்கணக்கு. முதலில் மரச்சாமான்களும் பித்தளையும் செம்பும் கழற்றப்படும். பிறகு வாயுச் சுடரால் தகடுகள் அறுபடும். அவற்றில் பல உருட்டாலைகளில் கட்டடக் கம்பிகளாகும். பழங்கப்பல்களின் குழாய்களைச் சுற்றிய கல்நாரின் தூசியோ, அறுக்கும் தொழிலாளியின் நுரையீரலில் தங்கும். இதற்கென இந்தியாவில் தனிச்சட்டம் வந்தது 2019-இல். ஹாங்காங் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2025-இல். எத்தனை காலதாமதம்! ஐம்பதாண்டுகளுக்கு முன் ரஜூலாவை அறுத்தவர்களுக்கு இவற்றால் என்ன பயன்?

பயணியர் பெயர்கள் கம்பெனியாரின் ஏட்டில் ஏறியிருக்கலாம். ஆனால் இரவில் தளத்தில் அவர்கள் பேசியவை எந்த ஏட்டில் ஏறின? வீட்டுப் பெரியவர்கள் சொன்னவையே அவற்றுக்குச் சான்று. அப்பெரியவர்களும் இன்று அருகிவிட்டனர்.

1973-இல் இந்தியக் கப்பல் கழகம் ரஜூலாவை வாங்கி, அந்தமானில் உள்ள ஓர் ஊரின் பெயரைச் சூட்டியது. மறு ஆண்டே அது உடைப்புக்கு விலைபோயிற்று. கிழக்குக் கடலில் உழைத்த கப்பல் பம்பாய் சேர வேண்டுமானால் குமரிமுனைக்குத் தெற்கே கடந்தாக வேண்டும். நம் கடலோரமாகத்தான் அது கடைசியாகப் போனது. அப்போது அதன் அணியத்தில் ரஜூலா என்ற பெயர் இல்லை; ‘ரங்கத்’ என்றிருந்தது.