எங்கே கட் ஆகுது?

கொல்லிமலையில் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் போன் பேசுவதற்கென்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். ஓர் ஊரில் அது பாறை, இன்னோர் ஊரில் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி, வேறோர் ஊரில் கோயிலுக்குப் பின்னாலுள்ள மேடு. எந்தக் கம்பெனி சிம் எந்த மூலையில் எடுக்கும் என்பது அங்கே மாடு மேய்க்கும் பையனுக்கும் அத்துப்படி. “இன்னொரு டவர் வெச்சா எல்லாம் சரியாயிடும்தானே?” என்று இளவட்டங்கள் என்னிடம் கேட்பார்கள். நான் லைன்மேனாகச் சேர்ந்து, டெலிகாம் மெக்கானிக்காக ஓய்வு பெற்றவன். அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன்: “எங்கே கட் ஆகுதுன்னு பாத்தீங்களா?”

எங்கள் தொழிலில் புகார் எப்போதும் ஒன்றேதான், போன் வேலை செய்யவில்லை. கோளாறு இருக்கும் இடம்தான் காலத்துக்குக் காலம் மாறியது. கிராமத்துத் தொலைபேசியின் வரலாறு என்று நான் அறிந்தது இந்த இடமாற்றத்தைத்தான்.

முதலில் கோளாறு கம்பியில் இருந்தது. கிராமங்களில் தபால் ஆபீஸ் போன்தான் ஊர் போன். எல்.டி.பி.சி.ஓ. என்போம். கைப்பிடியைச் சுழற்றினால் அந்தப் பக்கம் ஆபரேட்டர் எடுப்பார். டிரங்க் கால் பதிந்துவிட்டு வெளித் திண்ணையில் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்குத் தகுந்த விலை. சாவுச் சேதி சொல்ல வந்தவர்கள்கூட ஆர்டினரியில் பதிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த ஒற்றை போனுக்காகக் காடு மேடெல்லாம் கம்பம் நட்டுத் திறந்த கம்பி இழுத்திருப்போம். மரம் சாயும், இடி விழும், இன்சுலேட்டர் உடையும், செம்புக்கு ஆசைப்பட்டவன் இரவோடு இரவாக வெட்டிக்கொண்டு போவான். டெஸ்ட் போனைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவோம். பாதி வழியில் ஒரு கம்பத்தில் ஏறி, ஜம்பரைக் கழற்றி, இருபக்கமும் மணியடித்துப் பார்ப்போம். எந்தப் பக்கம் பதில் இல்லையோ அந்தப் பக்கம் நடப்போம். மிச்சத் தூரத்தை மறுபடி பாதியாக்குவோம். மழையில் நாள் முழுக்க நடந்தாலும் முடிவில் அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்கும் யாரைப் பிடித்துக் கேட்பது என்று தெரிந்திருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால் “என்ன தம்பி, லைன் எப்ப வரும்?” என்று கேட்காதவர் இல்லை.

1984-இல் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 1986-இல், கர்நாடகத்தின் கிட்டூரில் அதன் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச் ஓடத் தொடங்கியது. அதன் பெருமையே ஏ.சி. இல்லாமல் ஓடியதுதான். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் குளிரூட்டிய அறை கேட்டன. இது வெயிலையும் புழுதியையும் அடிக்கடி போகும் கரண்டையும் மனத்தில் வைத்துச் செய்தது. அதற்குப் பிறகுதான் சின்னச் சின்ன ஊர்களுக்கும் டயல் டோன் வந்தது, எஸ்.டி.டி. பூத்தின் மஞ்சள் போர்டு வந்தது. கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு ‘பி.பி.’ என்று அச்சடித்தார்கள்.

ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து மலைக் குக்கிராமத்துக்கு யார் கம்பி இழுப்பது? 1994-ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை எல்லாக் கிராமங்களுக்கும் 1997-க்குள் போன் என்றது. அதற்குக் குறுக்கு வழியாகப் பிடித்தது ரேடியோ. ‘மார்’ என்று நாங்கள் கூப்பிட்ட எம்.ஏ.ஆர்.ஆர். கருவியில் எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஒரு ரேடியோ நிலையம் இருக்கும். ஊருக்கு ஒரு பெட்டி, ஒரு ஆன்டெனா, ஒரு பேட்டரி. இரண்டே ரேடியோ வழிகளைப் பதினைந்து ஊர்கள் பங்குபோட்டுக்கொள்ளும். இரண்டு ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தால் மூன்றாம் ஊருக்கு வழி கிடையாது.

கம்பி போனதும் கோளாறும் போய்விடும் என்று நினைத்தோம். அது பேட்டரிக்குக் குடிபெயர்ந்தது. சோலார் பலகையில் இலையும் எச்சமும் படிந்தால் சார்ஜ் ஏறாது. பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பொதுத் தொலைபேசியைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் நல்லவராகத்தான் இருப்பார், ஆனால் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு மைக் செட் பேட்டரி இறங்கிப்போனால் அவர் என்ன செய்வார்? கழற்றிக் கொடுத்துவிடுவார். இந்தியா முழுக்க இந்த ரேடியோப் பெட்டிகள் பெயருக்கு இருந்தன, பேச்சுக்கு இல்லை. 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதியின் முதல் வேலைகளில் ஒன்றே, அதற்கு முன் வைத்த இந்தப் பெட்டிகளை மாற்றுவதாக அமைந்தது.

அடுத்து, கம்பியில்லாமலே வீட்டுக்கு லைன் கொடுக்கும் டபிள்யூ.எல்.எல். வந்தது. அந்தக் காலம்தான் என் தொழிலில் எனக்குப் பிடித்த காலம். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு கார்டெக்ட் என்ற முறையை உருவாக்கியிருந்தது. நேர்ப்பார்வை இருந்தால் பத்து கிலோமீட்டர் வரை போனும் இன்டர்நெட்டும் ஒன்றாகப் போகும். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 2001 வாக்கில் அதை வைத்து இன்டர்நெட் மையங்கள் நடந்தன. எங்கள் பக்கம் வந்தது 800 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சி.டி.எம்.ஏ. முறை. பார்வைக்குச் சாதாரண மேசை போன்தான், முதுகில் ஆன்டெனா. சிக்னல் குறைந்த வீடுகளுக்குக் கூரைமேல் யாகி ஆன்டெனா போடுவோம். ஜப்பானில் 1926-இல் உடா, யாகி என்ற இருவர் வெளியிட்ட அமைப்பு அது. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது, பெயர் என்னவோ யாகிக்குப் போனது.

அந்த வேலைக்கு ஒரு பக்குவம் உண்டு. பைப்பை நட்டு, ஆன்டெனாவை டவர் இருக்கும் திசைக்குத் தோராயமாகத் திருப்புவேன். வீட்டுக்காரர் உள்ளே போன் திரையைப் பார்த்துக்கொண்டு “வருது, வருது… போச்சுங்க!” என்று கத்துவார். ஒரு விரற்கடை திருப்பினால் வரும், இன்னும் ஒரு விரற்கடையில் போய்விடும். நட்டை முறுக்கும்போது திசை நகராமல் பிடிப்பது தனி வித்தை. கேபிள் நீளக் கூடாது. நீண்டால் கூரையில் பிடித்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். மூட்டுகளில் தண்ணீர் இறங்காமல் டேப் சுற்ற வேண்டும். டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, பார்வைக் கோட்டைச் சுற்றிலும் கொஞ்சம் வெட்டவெளி வேண்டும்.

அந்த வெட்டவெளியில்தான் புதுக் கோளாறு முளைத்தது, அதுவும் மரமாகவே. கொல்லிமலையில் மிளகுக்கொடி ஏற்ற சில்வர் ஓக் நடுவார்கள். நெடுநெடுவென்று வளரும் மரம். நாங்கள் ஆன்டெனா போட்டபோது இடுப்பளவு இருந்த கன்று, சில வருடத்தில் டவரை மறைத்து நிற்கும். மழை நனைத்த இலை வெயிலில் காய்ந்த இலையைவிட அதிகமாகச் சிக்னலை உறிஞ்சும். ஆகவே ஐப்பசியில் புகார், தையில் புகார் இல்லை. மிளகு காய்க்கும் மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. பைப்பைத்தான் உயர்த்துவோம்.

இதற்கிடையே செல்போன் வந்துவிட்டது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அது பணக்காரர் பொருளாகச் சில காலம் இருந்தது. 2003-இல் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனபிறகு மிளகு வியாபாரி கையிலும் அன்னாசி ஏற்றும் டெம்போக்காரர் கையிலும் ஏறியது. கூரையிலிருந்த ஆன்டெனா சட்டைப்பைக்குள் இறங்கிவிட்டது. வசதிதான், ஆனால் நாங்கள் பைப் நட்டுச் சம்பாதித்த உயரத்தையும் திசையையும் அதோடு சேர்த்து விட்டுக்கொடுத்தோம். அந்த உயரத்தைத் திரும்பப் பெறத்தான் மனிதர்கள் பாறை ஏறுகிறார்கள்.

நாலு கட்டை காட்டுகிறது, கால் மட்டும் போகவில்லை என்பார்கள். டவர் பேசுவது பல பத்து வாட் சக்தியில். கையிலுள்ள 4ஜி போன் பதில் சொல்வது ஏறத்தாழ 0.2 வாட்டில். மேடையில் ஒலிபெருக்கியில் பேசுபவருக்குக் கடைசி வரிசைக்காரர் வெறுங்குரலில் பதில் சொல்வது மாதிரி. திரையில் தெரியும் கட்டை, டவர் பேசுவது நம் போனுக்குக் கேட்பதன் அளவு மட்டுமே. மலை விளிம்பில் நின்றால் இரவில் சமவெளி விளக்குகள் வெகுதூரம் வரை மினுங்கும். 2ஜி-யில் 35 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள டவர் கண்ணுக்குத் தெரிந்தாலும் பயனில்லை. அலை போய்த் திரும்பும் நேரக்கணக்கு வழக்கமான அமைப்பில் அதோடு முடிந்துவிடும்.

அலைவரிசையும் ஒரு காரணம். 900 மெகாஹெர்ட்ஸ் அலை மேட்டைச் சுற்றி ஓரளவு வளைந்து வரும், சுவரைக் கடக்கும். 1800, 2300 என்று ஏற ஏற அந்தக் குணம் குறையும். பழைய பட்டன் போன் எடுத்த வீட்டில் புது ஸ்மார்ட்போன் திணறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அவசரப்பட்டு ‘பூஸ்டர்’ வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் அதை வைப்பது 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே குற்றம். சட்டத்தை விடுங்கள், வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கினால் அந்தப் பெட்டி ஊளையிடும். மனிதர் காதுக்குக் கேட்காது. டவரின் காது அடைத்துப்போய் ஊரே ஊமையாகும். அதற்கு 4ஜி ரவுட்டருடன் கூரையில் திசை ஆன்டெனா போடுவது மேல். இதில் சிக்னலைப் பெருக்கி வெளியே அனுப்பும் வேலை இல்லை, என் யாகி வேலையின் தொடர்ச்சிதான். ஃபைபர் வந்துள்ள ஊரென்றால் வைஃபை வழியாகவே சாதாரண கால் பேசலாம். 2019 இறுதியிலிருந்து நம் நாட்டில் அந்த வசதி உண்டு.

இன்று சிக்னல் என்பது பேச்சுக்கு மட்டும் அல்ல. ரேஷன் கடையில் கைரேகை வைக்க அது வேண்டும். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியில் தினம் இருமுறை செயலியில் படமெடுத்துத்தான் வருகை என்று ஆனது. 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பிள்ளைகள் மரத்திலும் பாறையிலும் ஏறிப் படித்ததை நாடே பார்த்தது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 26,316 கோடி ரூபாய்த் திட்டத்தை ஏற்றது. நல்லது, டவர் வரட்டும். ஆனால் டவருக்குப் பின்னால் அதை வெளியுலகத்தோடு இணைக்கும் டிஷ் இருக்கிறது. அடியில் 48 வோல்ட் பேட்டரி வரிசையும் டீசல் ஜெனரேட்டரும் இருக்கின்றன. கோளாறு இப்போது குடியிருப்பது வேலி போட்டுப் பூட்டிய அந்த அறையில். அறுந்த கம்பியைப் போல அதை ஊர்க்காரர் பார்க்க முடியாது, டீக்கடையில் உட்கார்ந்து பதில் சொல்லவும் ஆள் இல்லை.

அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு ஓர் ஊரில் பழைய வழியையே சொல்லிக்கொடுத்தேன். ரேஷன் கடையில் ஒரு நோட்டு தொங்கவிட்டார்கள். சிக்னல் போன நேரம், வந்த நேரம், அப்போது கரண்ட் இருந்ததா, மழையா, எல்லார் போனும் போனதா ஒருவருடையது மட்டுமா என்று எழுதி வைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் உட்கார்ந்து படித்தோம். கரண்ட் போய் ஒரு மணி நேரத்துக்குள் ஊர் முழுக்க சிக்னல் சாகிறது, கரண்ட் வந்ததும் பிழைக்கிறது. பேட்டரி செத்துக் கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கிராமசபையில் இரண்டு தீர்மானம் போட்டார்கள். ஒன்று, புது டவர் வேண்டும். மற்றொன்று, நோட்டின் நகலோடு, இருக்கும் டவருக்குப் பேட்டரி மாற்ற வேண்டும். அடுத்த மழைக்கு முன்பே பேட்டரி வந்து இறங்கியது. டவர் கேட்ட மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.