வாவிக்கரைப் பள்ளிகளின் பழைய பாடம்

மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டம் வந்த பிறகுதான் மட்டக்களப்புப் பாடசாலைகள் இயற்கையின் பக்கம் திரும்பின என்று எண்ணுவது பிழை. சின்னமும் பதக்கமும் புதியவை. வாவியைப் பொருட்படுத்திய ஆசிரியர்கள் முன்பே இருந்தார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர். பூரணை இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையில் காதை வைத்தால் மீன்பாட்டுக் கேட்கும் என்பது இவ்வூர் வழக்கு. அதை அவர் வெறுங்கதை என்று தள்ளவில்லை. நீர்த் தேவதைகளான நீரர மகளிரை அவர் பாடியதற்கு அந்த ஒலியே அடிப்படை. 1954இல் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவே செய்தார். இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது.

இது இசையார்வம், சூழல் அக்கறை அல்ல என்று மறுக்கலாம். பாதி உண்மை, கண்டல் காக்கும் இயக்கமாக அது வளரவில்லை. ஆனால் முன்பு இருந்ததைப் பதியாத ஊரில் எது குறைந்தது என்று எவரும் நிறுவ முடியாது. கண்டல் நட்டுப் படமெடுத்துக் கலையும் மாணவர் குழுக்கள் (அதுவும் வேண்டியதுதான்) அதே கரையில் ஆண்டுதோறும் ஒலியையும் பதிந்து வைத்தால், பாட்டு அருகிவிட்டது என்ற பேச்சை 1954ஆம் ஆண்டுப் பதிவோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம்.