திருவள்ளூர் மக்களவைத் தொகுதி: ஊரகமும் பாதுகாப்புத் துறையும்

திருவள்ளூர், தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மக்களவைத் தொகுதிகளுள் ஒன்று. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். 2008ஆம் ஆண்டு மறுவரையறைக்குப் பின் பொ. வேணுகோபால் (அ.தி.மு.க., 2009, 2014), கே. ஜெயக்குமார் (காங்கிரஸ், 2019), சசிகாந்த் செந்தில் (காங்கிரஸ், 2024) ஆகியோர் வென்றனர்.

ஏரிப் பாசனக் கிராமங்களும் ராணுவ ஆலைகளும் இத்தொகுதியில் ஒருங்கே அமைந்துள்ளன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் விஜயந்தா, டி-72, டி-90, அர்ஜுன் டாங்கிகள் உருவாயின. இவ்வாலையை நிர்வகித்த படைத் தளவாட வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிந்தது. டாங்கி ஆலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது. அதே ஆண்டின் அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இவ்வாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய வழிசெய்தது.

இத்தகைய தொகுதியின் சிக்கல்களை எழுப்ப, அமைச்சர் பதவியில்லாத மக்களவை உறுப்பினருக்குள்ள கருவிகள் சில. நட்சத்திரக் கேள்விக்கு அவையில் வாய்மொழிப் பதிலும் துணைக்கேள்வியும் உண்டு. ஆயினும் நாளொன்றுக்கு இருபது கேள்விகளே குலுக்கலில் தேறும். மக்களவையின் 377ஆவது விதியில் எழுப்பும் பொருளுக்குப் பின்னர் எழுத்தில் பதில் வரும். பாதுகாப்புத் துறையில் இரகசியம் காட்டிப் பதில் மறுக்கப்படுவதும் உண்டு. ஊரகப் பணிகளிலோ உறுப்பினரின் கை சற்று நீளும்: ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதிக்குப் பணிகளைப் பரிந்துரைக்கலாம், மத்தியத் திட்டங்களை மாவட்ட அளவில் ஆராயும் ‘திஷா’ குழுவிலும் இடமுண்டு.